மேசைமேல் அட்டைகள்: வடிவமைப்பு கேள்வி பதில்

யோசனை ஓடாமல் நின்றுபோகும் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, வடிவமைப்பாளர்களின் யோசனையைத் தூண்டும் கேள்விகளும் குறிப்புகளும் படங்களும் கொண்ட அட்டைக்கட்டுகளைப் பற்றி ஒரு வரி போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: எங்கள் டீமுக்கு ஒரு டிசைன் அட்டைக்கட்டு வாங்கித் தந்திருக்கிறார்கள். அதில் உள்ளதையெல்லாம் ஒரே தாளில் பட்டியலாக அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடலாமே? தனித்தனி அட்டையாக எதற்கு?

பதில்: ஒருமுறை அச்சடித்துக் கொடுத்தே பாருங்கள். முதல் ஏழெட்டு வரியை எல்லோரும் படிப்பார்கள், மிச்சத்தை மேலோட்டமாகப் பார்ப்பார்கள், அப்புறம் தாள் மேசைமேல் கிடக்கும். பட்டியல் என்றாலே அதற்கு ஒரு மேல், ஒரு கீழ் வந்துவிடுகிறது. மேலே இருப்பதுதான் முக்கியம் என்று மனசு தானாகவே எடுத்துக்கொள்கிறது. அட்டைகளைக் கலைத்துப் போட்டால் அந்த வரிசை போய்விடுகிறது. வேண்டியதைத் தனியே எடுத்து வைக்கலாம், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், வேண்டாததைக் கவிழ்த்துவிடலாம். தாளில் இருக்கும் வரியை இப்படிக் கையாள முடியாது.

ஆனால் நான் அட்டையை நம்புவதற்கு முக்கியக் காரணம் வேறு. 1987ல் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோப என்ற இரு உளவியலாளர்கள் குழு யோசனையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அறையில் சேர்ந்து பேசி யோசித்தவர்களைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்தவர்கள் அதிக யோசனைகளைத் தந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதுதான் பெரிய தடை என்று அந்தச் சோதனைகள் காட்டின. காத்திருக்கும் நேரத்தில் தோன்றியது மறந்துபோகும், இல்லையென்றால் ‘இதைப் போய்ச் சொல்வதா’ என்று நாமே அமுக்கிவிடுவோம். அட்டை கையில் இருந்தால், அதைப் பார்த்துக்கொண்டே தன் யோசனையைக் குறித்து வைத்துவிட்டு நிம்மதியாகக் காத்திருக்கலாம். அட்டையைக் கீழே வைக்கும்போது பேசும் வாய்ப்பும் தானாக வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பக்கத்தில் இருப்பவரின் கருத்தை முகத்துக்கு நேரே மறுப்பது சங்கடம். அட்டையை மறுப்பதில் அந்தச் சங்கடம் கிடையாது. ‘இந்த அட்டை நமக்கு ஒத்துவராது’ என்று நேற்றுச் சேர்ந்தவர்கூடத் தலைவர் எதிரிலேயே சொல்லிவிடுவார்.

கேள்வி: இணையத்தில் தேடினால் டஜன் கணக்கில் கட்டுகள் வருகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியவில்லை. ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: உங்கள் வேலை எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் கட்டின் பெயரைச் சொன்னால் நோயைக் கேட்காமல் மருந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் சிக்கலைச் சொல்லி, அதற்கேற்ற கட்டைச் சொல்கிறேன்.

பயன்படுத்தப்போகிறவர்களைப் பற்றியே இன்னும் சரியாகத் தெரியாத கட்டம் என்றால், ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனம் 2003ல் வெளியிட்ட மெத்தட் கார்ட்ஸ். மொத்தம் 51 அட்டைகள். கற்றுக்கொள், பார், கேள், செய்துபார் என்று நான்கு பிரிவு. ஒரு பக்கம் படம்; மறுபக்கம் அந்த முறையை எப்படிச் செய்வது, எதற்காகச் செய்வது என்ற குறிப்பு. இது யோசனை தரும் கட்டு இல்லை. நாளைக்குக் களத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுக்க உதவும் கட்டு.

பொருள் தயார், ஆனால் ஆட்கள் அதைத் தப்பாகவே பயன்படுத்துகிறார்கள் என்றால், வடிவமைப்பு ஆய்வாளர் டான் லாக்டன் 2010ல் வெளியிட்ட டிசைன் வித் இன்டென்ட். 101 அட்டைகள், எட்டுக் கோணங்கள். பிழையே நடக்க முடியாதபடி செய்வது எப்படி, கட்டடத்தின் அமைப்பே நடத்தையை மாற்றுவது எப்படி என்று ஒவ்வொரு கோணமும் ஒரு வழியில் இழுத்துச் செல்லும். பெரும்பாலான அட்டைகள் கேள்வியாகவே எழுதப்பட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இலவசமாகத் தரவிறக்கி நாமே அச்சடித்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள் என்பது கூடுதல் நன்மை.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் தொடவே ஆசை வரவில்லை என்ற நிலைக்கு பிளெக்ஸ் அட்டைகள். நோக்கியாவின் ஆய்வுப் பிரிவில் ஆந்த்ரெஸ் லுசெரோவும் யூஹா அர்ராஸ்வூரியும் உருவாக்கியவை. விளையாட்டுணர்வை 22 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கண்டுபிடிப்பு, சவால் போன்ற எதிர்பார்க்கும் வகைகளோடு கொடூரம், அடிபணிதல் போன்ற வகைகளும் அதில் உண்டு. அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். கணினி விளையாட்டில் கட்டிய கோட்டையைத் தானே இடித்து மகிழ்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வகைகள் ஏன் இருக்கின்றன என்று புரியும்.

நாம் செய்வதால் யாருக்குப் பாதிப்பு என்று யோசிக்க வேண்டிய கட்டத்துக்கு என்விஷனிங் கார்ட்ஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாத்யா ஃப்ரீட்மனும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது. சம்பந்தப்பட்டவர்கள், காலம், விழுமியங்கள், பரவல் என்று நான்கு தலைப்பு. ஒரே ஒரு கட்டுதான் வைத்துக்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்து வைத்துக்கொள்வேன். ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

கேள்வி: ஆசையாகக் கட்டை எடுத்து உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் அட்டைகளைப் படிப்பதிலேயே போய்விட்டது. கடைசியில் எல்லோரும் ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லிக் கலைந்துவிட்டார்கள். கையில் ஒன்றும் இல்லை. எங்கே தப்பு?

பதில்: முழுக் கட்டையும் மேசைக்குக் கொண்டுவந்ததுதான். இது அடிக்கடி நடப்பது. கட்டு முழுசாக இருந்தால் ஆட்கள் அதைப் படிக்கத்தான் செய்வார்கள். அழகாக இருக்கிறது, சுவாரசியமாக இருக்கிறது, படிக்காமல் என்ன செய்வார்கள்?

நான் நடத்தும் அமர்வுகளில் முந்தைய நாளே கட்டைப் பிரித்து, அன்றைய பிரச்சினைக்குத் தொடர்புள்ள பத்துப் பன்னிரண்டு அட்டையை மட்டும் எடுத்துக்கொள்வேன். மிச்சம் பைக்குள்ளேயே இருக்கும். மேசை நடுவில் ஒரு வெள்ளைத்தாள். அதில் பிரச்சினை ஒரே வாக்கியத்தில், தடித்த மார்க்கரில். ஒரு வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் அன்று அட்டையே எடுக்க மாட்டேன், அந்த வாக்கியத்தை எழுதுவதுதான் அன்றைய வேலை. அப்புறம் ஆளுக்கு இரண்டு அட்டை, கவிழ்த்தபடி. திருப்பிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பேச்சே கிடையாது. தோன்றியதைத் தனித்தனிச் சீட்டில் எழுத வேண்டும். சீட்டின் மூலையில் எந்த அட்டையிலிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். அதன்பிறகுதான் வட்டமாகப் பேச்சு. முக்கால் மணி நேரத்தில் அட்டைகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். அதற்குமேல் பேசுவதெல்லாம் சீட்டுகளைப் பற்றித்தான்.

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்காக இப்படி உட்கார்ந்தோம். தாளில் இருந்த வாக்கியம்: ‘டோக்கன் திரை வைத்த பிறகும் கவுன்டரில் கூட்டம் குறையவில்லை.’ மென்பொருள் எழுதியவர்கள், செவிலியர் ஒருவர், வரவேற்புக் கவுன்டரில் உட்காரும் பெண் ஒருவர். அவரை அழைப்பதில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. ‘அவர் என்ன சொல்லப்போகிறார்’ என்று. முதல் இருபது நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை. பேச்சு முழுக்கத் திரையின் அளவு, எழுத்தின் அளவு, ஒலிபெருக்கியின் சத்தம் என்றே சுற்றிக்கொண்டிருந்தது.

அவருக்கு வந்தது என்விஷனிங் கார்ட்ஸ் அட்டை, கருவியை நேரடியாகத் தொடாமலேயே அதனால் பாதிக்கப்படுகிறவர் யார் என்று யோசிக்கச் சொல்லும் அட்டை. தன் முறை வந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: ‘நான்தான். திரையில் இப்போது கூப்பிடும் எண் மட்டும்தான் வருகிறது. கழிப்பறைக்குப் போனவர், போன் பேச வெளியே போனவர் திரும்பி வந்து பார்த்தால், தன் எண் போய்விட்டதா இனிமேல்தான் வருமா என்று தெரியாது. டாக்டர்கள் பலர் இருப்பதால் எண்கள் வரிசையாகவும் வராது. அதனால் நேரே என்னிடம் வருகிறார்கள். கவுன்டரில் நிற்கிற பாதிப்பேர் கேட்பது இதைத்தான்.’

மேசை அமைதியாகிவிட்டது. திரையைச் செய்தவர்கள் யாரும் கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததில்லை. கூப்பிட்டு முடித்த கடைசி ஐந்து எண்களைத் திரையின் ஓரத்தில் சின்னதாகக் காட்டுவது, கூப்பிட்டும் வராதவர்களின் எண்களைத் தனியாகக் காட்டுவது என்று இரண்டு சீட்டு அப்போதே எழுதப்பட்டது. பெரிய செலவு எதுவும் இல்லாத மாற்றம்.

அந்தப் பெண்ணுக்கு இது முன்பே தெரியும். அட்டை அவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, அட்டை கேட்டது. இதற்காகத்தான் நான் அட்டைகளை இவ்வளவு பிடிவாதமாகப் பரிந்துரைக்கிறேன். யோசனைகள் அட்டைக்குள் இல்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கின்றன. ஆகவே எந்த அட்டை என்று யோசிப்பதற்கு முன் யாரெல்லாம் மேசைக்கு வரவேண்டும் என்று யோசியுங்கள்.

கேள்வி: படம் உள்ள அட்டை நல்லதா, எழுத்து மட்டும் உள்ளது நல்லதா?

பதில்: படம் வேகமாகப் பற்றிக்கொள்ளும். அதுவேதான் ஆபத்தும். டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் இருவரும் 1991ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வடிவமைக்கச் சொல்லும்போது சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படத்தையும் காட்டினார்கள். சிந்தாத கோப்பை ஒன்றை வடிவமைப்பது அதில் ஒரு பணி. உறிஞ்சுகுழல் கூடாது என்று சொல்லியே கொடுத்தார்கள். காட்டிய படத்திலோ உறிஞ்சுகுழல் இருந்தது. படத்தைப் பார்த்தவர்கள், கூடாது என்று சொன்ன பிறகும், அதைத் தங்கள் வரைபடங்களில் கொண்டுவந்தார்கள். கண்ணில் பட்டதிலிருந்து விலகுவது அனுபவமுள்ள டிசைனருக்கே கஷ்டம்.

அதனால் நீங்கள் நாற்காலி செய்கிறீர்கள் என்றால் நாற்காலிப் படம் உள்ள அட்டையை எடுத்துவிடுங்கள். பாலம், செடி, பூட்டு என்று தொலைவில் உள்ள பொருளின் படம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். படமும் எழுத்தும் இருபக்கமாக இருந்தால் எழுத்துப் பக்கத்தை முதலில் காட்டுங்கள்.

கேள்வி: நான் தனியாக வேலை செய்யும் வடிவமைப்பாளர். அட்டைகள் குழுவுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. இந்தக் கட்டுகளில் பெரும்புகழ் பெற்ற ஒன்று, தனியாக உட்கார்ந்து திண்டாடும் கலைஞர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதுதான். இசைக் கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975ல் வெளியிட்ட ஆப்ளீக் ஸ்ட்ராட்டஜீஸ். நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள், ஒவ்வொன்றிலும் புதிர் மாதிரி ஒரு சின்ன வரி. நெருக்கடியில் இருக்கும்போது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயமே மறந்துபோகும். அதை நினைவூட்டத்தான் இருவரும் தனித்தனியாகக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார்கள், பிறகு சேர்த்தார்கள்.

தனியாகப் பயன்படுத்துபவர் ஒரு ஒழுக்கத்தை மட்டும் கடைப்பிடிக்க வேண்டும். எடுத்த அட்டையை மாற்றக் கூடாது. பிடிக்கவில்லை என்று அடுத்ததை எடுத்தால், நமக்கு ஏற்கெனவே தோன்றியதை ஆமோதிக்கும் அட்டை வரும்வரை எடுத்துக்கொண்டேதான் இருப்போம். ஒன்று எடுங்கள், பத்து நிமிடம் அதன்படி வரைந்து பாருங்கள், ஒத்துவராவிட்டால் அன்றைக்குக் கட்டை மூடிவிடுங்கள்.

கேள்வி: மென்பொருள் துறையில் இருக்கிறேன். நாங்கள் செய்யும் கார்டு சார்ட்டிங், பிளானிங் போக்கர் எல்லாம் இதே வகைதானா?

பதில்: உறவு உண்டு, வேலை வேறு. உங்கள் துறைக்கு அட்டைகள் புதிதே இல்லை. 1989லேயே கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும், பொருள்சார் நிரலாக்கத்தைக் கற்பிக்க, நிரலின் ஒவ்வொரு வகுப்புக்கும் (கிளாஸ் என்று நீங்கள் சொல்லும் நிரல் பகுதி) ஒரு அட்டை என்று பெயர், பொறுப்பு, கூட்டாளிகள் எழுதவைத்தார்கள். அட்டை சின்னது என்பதே அங்கே ஒரு கட்டுப்பாடு. பொறுப்புகள் அட்டையில் அடங்கவில்லை என்றால் அந்த வகுப்பு அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று எண் அட்டைகளை வைத்து மதிப்பிடும் பிளானிங் போக்கரில், எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் திருப்புவதுதான் உயிர். மூத்தவர் சொன்ன எண்ணை மற்றவர்கள் பின்தொடராமல் இருக்க அது வழி செய்கிறது.

கார்டு சார்ட்டிங்கில் அட்டை கேள்வி கேட்பதில்லை. உங்கள் தளத்தில் உள்ள ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு அட்டையில் எழுதி, பயனரிடம் கொடுத்து, அவருக்குச் சரியெனப் படும்படி அடுக்கச் சொல்கிறீர்கள். தலைப்புகளையும் அவரே வைத்தால் திறந்த முறை. தலைப்புகளை நீங்கள் கொடுத்தால் மூடிய முறை. பதினைந்து பேரிடம் செய்தால் போதும் என்பது பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2004ல் தந்த பரிந்துரை. அடுக்கி முடித்த குவியலை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தயங்குகிறார் பாருங்கள், அந்த இடத்தில் அவர் முணுமுணுப்பதைத்தான் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: திரையில் இழுத்துப் போடும் டிஜிட்டல் அட்டைகள் போதுமா?

பதில்: ஆளுக்கொரு ஊரில் இருந்தால் போதும். ஒரே அறையில் இருந்தால் காகிதம்தான். திரையில் மவுஸ் வைத்திருப்பவர் ஒருவர் கையில் எல்லாம் போய்விடுகிறது.

கேள்வி: அமர்வு முடிந்ததும் மேசை நிறையச் சீட்டுகள். அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? நாங்கள் ‘செலவு’, ‘நேரம்’, ‘தொழில்நுட்பம்’ என்று தலைப்பு எழுதி அதன்கீழ் ஒட்டுகிறோம்.

பதில்: தலைப்பை முதலில் எழுதுவதை நிறுத்துங்கள். ஜப்பானிய மானுடவியலாளர் கவாகிதா ஜிரோ, களத்தில் சேர்த்த குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஒரு முறையை உருவாக்கினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு கேஜே முறை என்று 1960களில் அது பரவியது. ஒரு சீட்டுக்கு ஒரு செய்தி. எல்லாவற்றையும் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டி வருவதாகத் தோன்றுபவற்றைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். குவியல் உருவான பிறகுதான் பெயர். எந்தக் குவியலிலும் சேராத சீட்டை வலுக்கட்டாயமாகத் திணிக்கக் கூடாது, தனியாகவே நிற்கட்டும். நீங்கள் எழுதும் மூன்று தலைப்புகளும் அமர்வுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தவை. அப்படியிருக்க அவற்றுக்குக் கீழே புதிதாக எது வந்து சேரும்?

கேள்வி: இதெல்லாம் பலன் தருகிறது என்று நிரூபணம் இருக்கிறதா? எங்கள் நிர்வாகம் கேட்கிறது.

பதில்: நியாயமான கேள்வி. ராபின் ராய், ஜேம்ஸ் வாரன் இருவரும் 2019ல் 155 கட்டுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவை அவற்றில் கொஞ்சம்தான். சோதிக்கப்பட்டவற்றில், யோசனைகளைக் கிளப்பவும் குழுவுக்குள் பேச்சை வளர்க்கவும் உதவின என்ற முடிவுகள் உண்டு. ‘அட்டை வாங்கினால் நல்ல பொருள் வரும்’ என்று நிர்வாகத்திடம் சொல்லாதீர்கள். சீட்டின் மூலையில் அட்டையின் பெயரைக் குறிக்கச் சொன்னேன் அல்லவா? இறுதி வடிவமைப்புக்குப் போன சீட்டுகள் எந்த அட்டையிலிருந்து வந்தவை என்று எடுத்துக் காட்டுங்கள். உங்கள் நிர்வாகத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கேள்வி: எங்கள் வேலைக்கு எந்தக் கட்டும் சரியாகப் பொருந்தவில்லை. நாங்களே செய்துகொள்ளலாமா?

பதில்: கண்டிப்பாக. என்னைக் கேட்டால், ஓராண்டு வேலை செய்த எந்தக் குழுவும் தனக்கென்று ஒரு கட்டு வைத்திருக்க வேண்டும். பழைய திட்டங்களில் தாமதமாகத் தெரியவந்த விஷயங்களை எழுதுவதில் தொடங்குங்கள். ‘முன்பே யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்று நினைக்கவைக்கும் ஒவ்வொன்றும் ஒரு அட்டை. அந்த மருத்துவமனை வேலைக்குப் பிறகு நாங்கள் எழுதிக்கொண்டது: ‘பாதியில் எழுந்து போனவர் திரும்பி வந்தால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?’ டோக்கன் திரைக்கு எழுதியதுதான். விண்ணப்பப் படிவத்துக்கும் பாடம் நடத்தும் செயலிக்கும் இன்றுவரை அது கைகொடுக்கிறது.

எழுதும்போது கேள்வியாக எழுதுங்கள். ‘எளிமையாக இருக்க வேண்டும்’ என்ற அட்டையைப் பார்த்து எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் பேனாவை எடுக்க மாட்டார்கள். ‘இதில் ஒரு பொத்தானை எடுத்தே ஆகவேண்டும் என்றால் எது?’ என்றால் உடனே சண்டை ஆரம்பமாகும். ஒரு அட்டையில் ஒரு கேள்வி, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அளவு ஏ6, அதாவது ஏ4 தாளில் கால்வாசி, வசதியானது. மேசையின் எதிர்ப்பக்கம் இருப்பவரும் படிக்கும்படி எழுத்து வரும். சீட்டாட்ட அளவு கைக்கு அடக்கம், ஆனால் அதில் எழுத்து சிறுத்துவிடும்.

முதல் கட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். பேனாவால் எழுதியதையே சில மாதம் பயன்படுத்துங்கள். அழகாக அச்சடித்த அட்டையில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கையால் எழுதியதை அடித்துத் திருத்துவார்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும், சீட்டு எதுவும் தராத அட்டையின் பின்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்த அட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு அடுத்த கேள்வியை எழுதுங்கள். அட்டைகள் தேய்ந்து, மார்ஜினில் குறிப்பெல்லாம் சேர்ந்து, எதுவும் மாறாமல் நிற்கிற கட்டம் ஒன்று வரும். அப்போது அச்சகத்துக்குப் போங்கள்.